மயிலிட்டி இல்லாத பிரதி

கனிசியஸை எனக்குப் பிடித்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் அவரைப் பற்றி ஒன்றிரண்டு நல்ல வரிகள் வரும். அவற்றை வாசிக்கிறவர்கள் நட்பினால் எழுதியதாக நினைக்கக்கூடாது. அவர் வாய்க்கு அடங்காதவர். காலையில் வந்தால் யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். மற்றவர் மேசையின் மூலையில் ஏறி இருந்துகொண்டு தேநீர் குடிப்பார். பிழை யாருடையது என்று தெரிந்தால் அதை அந்த ஆளின் முகத்துக்கு நேரே, நாலு பேர் கேட்கச் சொல்வார். எங்கள் சமாச அலுவலகத்தில் அவரோடு சண்டை பிடிக்காத ஒருவரும் இல்லை. காவலாளியின் நாய்கூட அவருடைய சைக்கிள் சத்தம் கேட்டால் உறுமும்.

குருநகரில் பிறந்தவர். தகப்பன் கடற்றொழிலாளி, கரையார் சாதி. மகன் கடலுக்குப் போகவில்லை. கொழும்புக்குப் போய் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கணினி அறையில் வேலை பழகினார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர் இருந்த வாடகை அறை எரிந்தது. உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். பிறகு மயிலிட்டியில் யோசப்பினைக் கலியாணம் செய்தார். யோசப்பினின் தகப்பன் செபமாலையிடம் ஒரு வள்ளமும் அதற்கு ஒரு யப்பான் இயந்திரமும் இருந்தன. வாசிக்கிறவர்கள் இந்த வள்ளத்தை மறந்துவிடவேண்டாம்.

எங்கள் சமாசம் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் விவசாயச் சங்கங்களும் கரையோரக் கடற்றொழில் சங்கங்களும் சேர்ந்த கூட்டமைப்பு. அலுவலகம் மானிப்பாயில் இருந்தது. பதிவுகள் என் பொறுப்பு. எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவம் வந்த சண்டையில் பதிவறையின் மேல் ஷெல் விழுந்து எல்லாம் எரிந்தன. எந்த வள்ளம் யாருடையது, இயந்திரத்தின் இலக்கம் என்ன, எந்தத் துறையில் நிற்பது என்ற பதிவுகளும் அதில் போயின. சண்டையில் வீடு வாசல் விட்டு ஓடிய சனத்திடமும் கடதாசி எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு முழுக்கச் சங்கச் செயலாளர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வள்ளமாகப் பார்த்து, சாட்சி கேட்டுத் திரும்ப எழுதினோம். வெளிநாட்டு உதவியாகக் கணினிகள் வந்திருந்தன. எழுதியதெல்லாம், கடதாசிப் பிரதி வைக்காமலே, அவற்றுக்குள்ளே போயிற்று. ஆகவே எண்பத்தொன்பது முடிவில், செபமாலையின் வள்ளம் செபமாலையுடையது என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த இயந்திரம்தான்.

மேசைக் கணினிகள் நான்கு. அவற்றிலிருந்து கம்பி போய் ஒரு பெரிய பெட்டியில் சேரும். பதிவுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வட்டில்தான். வட்டின் பகுதிகளை நாங்கள் அறைகள் என்போம். 'சமாசம்' என்பது வெளி அறை. அதற்குள்ளே 'வயல்', 'கரை' என்று இரண்டு உள் அறைகள். வள்ளங்கள் எல்லாம் 'கரை' அறையில் இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாவற்றையும் ஒரு நாடாவில் பிரதி எடுத்து வைக்கவேண்டும். பெட்டிக்கு ஏதும் நடந்தாலும் நாடா இருக்கும். குணலட்சுமி என்ற பிள்ளை அதைச் செய்துகொண்டிருந்தது. தொண்ணூறு மாசியில் கனிசியஸ் வேலைக்கு வந்தபோது அந்த வேலை அவர் கைக்கு மாறியது.

முதல் வெள்ளிக்கிழமையே சண்டை.

"பிள்ளை, நாடா முடிஞ்ச பிறகு கடைசியிலை ஒரு பட்டியல் வருது. உதை ஒரு நாளாவது வாசிச்சனீரோ?"

"ரேப் சுத்தி முடிஞ்சுது. பச்சை லைற் எரிஞ்சுது. வேறை என்ன வேணும்?" என்றாள் குணலட்சுமி.

"கரை அறை முழுக்க 'அனுமதி இல்லை' எண்டு வந்திருக்கு. இவ்வளவு காலமும் எடுத்த ஒரு நாடாவிலையும் ஒரு வள்ளம்கூட இல்லை."

"அப்ப கடலிலை போய்த் தேடுங்கோ."

அலுவலகம் சிரித்தது. கனிசியஸ் சிரிக்கவில்லை. இந்திய இராணுவம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சண்டை எப்போது தொடங்கும் என்பதைத் தவிர வேறு சந்தேகம் யாருக்கும் இல்லை. மயிலிட்டி பலாலி இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதனுக்கு அது விளங்கியிருந்தது. இதை நான் ஒத்துக்கொள்ளவேண்டும்.

அவர் பிழையைத் தேடத் தொடங்கினார். நாடா ஓடும் இயந்திரத்தின் தலையைச் சாராயம்போல மணக்கும் திரவத்தால் துடைத்தார். நாடாவை மாற்றினார். கம்பிகளைக் கழற்றிப் பூட்டினார். யாராவது கோப்பைத் திறந்து வைத்திருப்பதால் மறிக்கிறதோ என்று எண்ணி, எல்லாரையும் எழுப்பி நான்கு கணினிகளையும் நிற்பாட்டினார். எல்லாரும் முற்றத்தில் நின்று அவரைத் திட்டினார்கள். வயல் அறை முழுதாக வந்தது. கரை அறையில் அதே 'அனுமதி இல்லை'.

இனி, அனுமதி யாருடைய கையில் இருந்தது என்று சொல்லவேண்டும். சமாசத்தின் தலைவர் தம்பிராசா. முகாமையாளர் பரமலிங்கம். இருவரும் பண்டத்தரிப்பு ஊரவர், ஒன்றுவிட்ட சகோதரர்கள், பக்கத்துப் பக்கத்து வளவு. இருவருக்கும் பேச்சு இல்லை. நன்மை தின்மை இல்லை. ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கும் மற்றவர் போகமாட்டார், செத்த வீட்டுக்கும் போகமாட்டார். ஒரே அலுவலகத்தில் இருந்துகொண்டு குணலட்சுமி மூலம்தான் கதைப்பார்கள். கணினிகளைப் பூட்ட வந்த கொழும்பு ஊழியர், எல்லா அறைகளையும் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது, "அவனிட்டைக் குடுக்கக்கூடாது" என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். அவர் இருவரிடமும் கொடுக்காமல் கொழும்புக்குக் கொண்டு போய்விட்டார். அவருடைய நிறுவனமும் பிறகு மூடப்பட்டது. அந்த ஊழியர் போகுமுன் வட்டைச் சகோதரர்கள் இருவருமே பங்கு பிரித்துக்கொண்டார்கள். வெளி அறை பரமலிங்கத்துக்கு. கரை அறை தம்பிராசாவுக்கு.

கனிசியஸ் தம்பிராசாவின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது, சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"ஐயா, கரை அறையை வாசிக்க என்ரை பேருக்கு அனுமதி வேணும்."

"தந்திட்டன்."

"தரேல்லை. மறிக்குது."

"தந்திட்டன் எண்டு சொல்லுறன். வந்து பார்."

தம்பிராசா திரையில் காட்டினார். கரை அறைக்கு உரிமை உள்ளவர்களின் வரிசையில் கனிசியஸின் பெயர் தெளிவாக இருந்தது. கனிசியஸ் தன் மேசைக்கு வந்து திறந்து பார்த்தார். அனுமதி இல்லை. திரும்பிப் போனார். தம்பிராசா தன் கணினியில் அதே கோப்பைத் திறந்து காட்டினார். அது எந்தத் தடையும் இல்லாமல் திறந்தது.

"மெசின் என்னை விடுது, உன்னை விடுகுதில்லை. அப்ப பிழை ஆரிலை?"

"உங்கடை பேரிலை நீங்களே வந்து நாடாவிலை எடுங்கோ அப்ப."

"நாடா மெசின் எங்கை கிடக்கு?"

"முகாமையாளற்றை அறையிலை."

"அந்த அறை வாசலை நான் மிதிக்கிறேல்லை. உனக்குத் தெரியாதோ? கொழும்பிலை என்னத்தைப் படிச்சனீ? நண்டுக்கு வலை கட்டவே?"

கனிசியஸ் திருப்பிச் சொன்னதை இங்கே எழுதமுடியாது. தலைவர் அன்றைக்கே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினோம்.

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் அந்த மனிதன் பிழையைத் தேடினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாடா சுற்றும். கடைசியில் அதே பட்டியல். மயிலிட்டியிலிருந்து செபமாலை பஸ்ஸேறி வருவார். வாசல் வாங்கில் இருப்பார். பெரிய உடம்பு, காது கொஞ்சம் மந்தம், ஆகவே ஊருக்கே கேட்கக் கதைப்பார்.

"மருமோன், என்ரை வள்ளம் பெட்டிக்குள்ளையிருந்து வெளியிலை வந்திட்டுதோ?"

"இல்லை மாமா."

"கடலடியிலை தாண்டுபோன வள்ளத்தையே கயிறு போட்டு இழுத்திருக்கிறன். உன்ரை பெட்டி என்ன ஆழமடா?"

சித்திரை முடிவில், எச்சரிக்கைக் கடிதத்துக்கான பதிலில் தலைவரின் கையெழுத்து வாங்குவதற்காகக் கனிசியஸ் சைக்கிளில் பண்டத்தரிப்புக்குப் போனார். தலைவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி நல்லம்மா இரண்டு வாளி தண்ணீரோடு ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. "இருங்கோ தம்பி" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வீட்டார் தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணிகள் அலுமாரியில் வரிசையாக இருந்தன. கனிசியஸுக்குத் தண்ணீர் சோடாப் போத்தலில் வந்தது. அவர் அதைக் கவனித்தார். குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அப்போதுதான் வேலிக்கு அப்பால் கப்பி தெரிந்தது.

"கிணறு கிட்டத்தானே இருக்கு? ஏன் ஒழுங்கை சுத்திப் போய் அள்ளுறியள்?"

"உது பங்குக் கிணறு தம்பி. பாதி எங்கடை. உறுதியிலை எழுதியிருக்கு."

"அப்ப அள்ளலாம்தானே."

"கிணத்திலை பங்கு இருக்கு. கிணத்துக்குப் போற வழி எங்களுக்கு எழுதுப்படேல்லை. உறுதி எழுதின நொத்தாரிசு விட்டிட்டுது. வழி முழுக்கப் பரமலிங்கத்தாற்றை. மல்லாகத்துக் கோட்டிலை வழக்கு நடக்குது."

எங்கள் பக்கத்தில் காணி உறுதி எழுதும்போது கிணற்றுப் பங்கு என்று எழுதினால், வழிவாய்க்கால் என்றும் சேர்த்து எழுதவேண்டும். எழுதாவிட்டால், சொந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு தாகத்தில் இருக்கவேண்டியதுதான். இது வலிகாமத்தில் குழந்தைக்கும் தெரியும். குருநகரானுக்குத் தெரியவில்லை, கடலுக்கு வேலி இல்லை. கனிசியஸ் போத்தலை விறாந்தையில் வைத்துவிட்டு, கையெழுத்தும் வாங்காமல், வந்த வேகத்தில் மானிப்பாய்க்குத் திரும்பினார்.

அதுவரை அவர் தேடிய இடமே பிழை. உள் அறையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். வெளி அறைக்குத் தனியாக ஒரு மறிப்பு இருந்தது: பரமலிங்கம் பெயர் குறித்தவர்கள் மட்டுமே அதைக் கடக்கலாம். உள் அறையில் எத்தனை பேருக்கு உரிமை கொடுத்தாலும், வெளி அறையில் வழி இல்லாவிட்டால் அந்த உரிமை செல்லாது. முதற்கூட்டத்தில் நிர்வாகசபை கட்டாயப்படுத்தியதால் தம்பிராசாவின் பெயருக்கு மட்டும் பரமலிங்கம் வழி விட்டிருந்தார். வயல் அறை அவருடைய சொந்தப் பொறுப்பு. அதற்கு மட்டும் நாடா எடுப்பவருக்கு வழி கொடுத்திருந்தார். கரைப் பக்கம் போகும் வழியை அடைத்திருந்தார். பாட்டனின் காணியைப் பிரித்த மாதிரியே வட்டையும் பிரித்திருந்தார்கள். ஒருவருக்குக் கிணறு, மற்றவருக்கு வழி. வேறு விதமாகப் பிரிக்க அவர்களுக்குத் தெரியாது.

கனிசியஸ் முகாமையாளரிடம் போனார். பரமலிங்கம் மெலிந்த மனிதர், சத்தம் போடமாட்டார், அது சத்தத்தைவிட மோசம்.

"வழி விடலாம். ஏன் விடவேணும்?"

"வள்ளங்கள் நாடாவிலை வரோணும் ஐயா. சண்டை வந்தால் ஒண்டும் மிஞ்சாது."

"தம்பி, வழக்குப் பேசுற என்ரை அப்புக்காத்தைக் கேட்டனான். கரை அறை ஆற்றை?"

"தலைவற்றை."

"அவற்றை அறைக்குப் போக நான் வழி விட்டால், நாளைக்கு அவர் கோட்டிலை நிண்டு என்ன சொல்லுவார்? 'சமாசக் கந்தோரிலை வழி விட்டவர், கிணத்துக்கும் விடலாம்தானே' எண்டுவார். உமக்கு வள்ளம். எனக்குக் காணி."

"கொம்பியூட்டரிலை விடுற வழியை ஆர் கோட்டிலை கேக்கப்போறான்?"

"நீர் அவனை அறியீர். அவன் கேப்பான்."

அந்த ஒரு விஷயத்தில் பரமலிங்கம் தன் சகோதரனைச் சரியாக அறிந்திருந்தார்.

கெஞ்சிப் பார்த்தார் என்று நான் எழுதமாட்டேன். கனிசியஸுக்குக் கெஞ்ச வராது. அவர் பொய் சொன்னார். தலைவரிடம் போய், முகாமையாளர் புதன்கிழமை காலை கரை அறையைத் தனியாகப் பிரதி எடுத்து அப்புக்காத்திடம் கொடுக்கப் போகிறார் என்றார். முகாமையாளரிடம் போய் அதையே தலைவர் செய்யப்போகிறார் என்றார். கூப்பிட்டால் வராத இரண்டு பேரும், மற்றவன் கள்ளம் செய்வதைப் பிடிப்பதற்காக, புதன்கிழமை மின்சாரம் வரும் நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள். நல்லெண்ணத்தால் ஆகாததைப் பகை செய்தது.

ஒருவரின் முகத்தை மற்றவர் பார்க்கமாட்டார். ஆகவே தம்பிராசா கதவு திறந்த தன் அறையில் கணினிக்கு முன்னால். பரமலிங்கம் தன் அறையில் நாடா இயந்திரத்துக்குப் பக்கத்தில். நடு வாசலில் கனிசியஸ். வைகாசி வெயில் தகரக் கூரையில் கொதித்தது. செபமாலை வாங்கில் இருந்தார். எல்லார் முன்னாலும் பிரதி எடுபட்டால் மற்றவர் ஏமாற்ற முடியாது என்ற திருப்தியில், தம்பிராசா கரை அறையில் கனிசியஸுக்குக் கொடுத்த உரிமையைத் திரையில் திரும்பக் காட்டினார். பரமலிங்கம் வழியைத் திறந்தார்; "இந்த ஒருக்காத்தான். முடிஞ்ச உடனை அடைச்சுப்போடுவன்" என்று குணலட்சுமியைப் பார்த்துச் சொன்னார். நாடா சுற்றத் தொடங்கியது. திரையில் முதன்முறையாகக் கரையோரச் சங்கங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின.

எந்தச் சங்கத்தை முதலில் எடுப்பது என்பது கனிசியஸின் கையில்தான் இருந்தது. அவர் மயிலிட்டியைக் கடைசியில் வைத்தார். மனைவியின் ஊரை, மாமனாரின் வள்ளத்தை முதலில் எடுத்தான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அதை நேர்மை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் வீம்பு என்றுதான் எழுதுவேன். மயிலிட்டிதான் முகாமுக்குப் பக்கத்து ஊர். அதைத்தான் முதலில் எடுத்திருக்கவேண்டும். தன்னைப் பற்றி மற்றவர் என்ன கதைப்பார்கள் என்று ஒரு மனிதன் யோசிக்கத் தொடங்கினால், அவனும் அந்த இரண்டு பண்டத்தரிப்பாருக்கும் ஒப்பானவன்தான்.

கடைசிக்கு முதல் சங்கம் ஓடிக்கொண்டிருந்தபோது தம்பிராசா கதிரையைவிட்டு எழுந்தார். சும்மா இருக்கக்கூடிய மனிதர் அல்ல. நடு வாசலில் வந்து நின்று, கூரையைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை குணலட்சுமி! முகாமையாளர் கேட்ட உடனை வழி விட்டிட்டார் எண்டதைக் குறிச்சு வையும். இத்தினை பேர் சாட்சி. மல்லாகத்திலை இதைச் சொல்லலாம்."

பரமலிங்கம் திரைப்பக்கம் திரும்பினார். விசைப்பலகையை இழுத்து இரண்டு வரி அடித்தார். வழி அடைபட்டது.

அந்த இயந்திரத்தின் கேவலமான குணம், மறித்தாலும் நாடா நிற்காது. அது சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரையில் மயிலிட்டி என்ற பெயர் வந்தது, அதன் கீழே 'அனுமதி இல்லை' என்று வந்தது, பிறகு அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

"திறவுங்கோ," என்றார் கனிசியஸ்.

"நான் சொன்னனான்தானே தம்பி," என்றார் பரமலிங்கம்.

"ஒரு சங்கம்தான் மிச்சம். திறவுங்கோ!"

"அவரை வாயைத் திறந்ததுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லும்."

"இவனிட்டையோ? நானோ?" என்றார் தம்பிராசா, கூரையைப் பார்த்தே.

கனிசியஸ் பரமலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பிரித்தோம். அந்தக் கலவரத்துக்குள் மின்சாரம் நின்றது. அன்றைக்குத் திரும்ப வரவில்லை. செபமாலை வாங்கில் இருந்தபடி, "முடிஞ்சுதோ மருமோன்? வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் முயலலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனியில் சண்டை தொடங்கியது. மின்சாரம் அறவே போயிற்று. மயிலிட்டிச் சனம் போட்டது போட்டபடி தெற்கே ஓடியது. வள்ளங்கள் துறையில் கட்டியபடி கிடந்தன. பெரிய பெட்டியை மின்சாரம் தரும் மண்ணெண்ணெய் இயந்திரம் ஒன்றில் ஓட்டப் பார்த்தோம். பெட்டி புகைத்து மணந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உயிர் வரவில்லை. நாடாவைக் கொழும்புக்குப் போன ஒரு பாதிரியாரிடம் கொடுத்தனுப்பினோம். அங்கே வாசித்து, அச்சடித்து அனுப்பினார்கள். வள்ளமும் அதன் இயந்திரமும் இழந்தவர்களுக்கு உதவி கொடுக்கும் தொண்டர் நிறுவனம் ஒன்று அந்த அச்சை ஏற்றுக்கொண்டது. கரையோரத்து மற்ற எல்லா ஊர்களும் அதில் இருந்தன.

அச்சு வந்த அன்று செபமாலையும் வந்தார். மெலிந்திருந்தார். கனிசியஸ் தாள்களைப் புரட்டவில்லை. என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"எங்கடை?"

"இல்லை மாமா."

செபமாலைக்குக் கேட்கவில்லையோ, கேட்கவிரும்பவில்லையோ தெரியாது. திரும்பக் கேட்டார். கூடவந்த யோசப்பின்தான் தகப்பனின் காதில் கத்திச் சொன்னாள்: "இல்லையாம் அப்பு. ஊர் என்ன சொல்லும் எண்டு உங்கடை மருமோன் எங்களைக் கடைசியிலை விட்டவராம்!" புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினாள்.

அதற்குப் பிறகு கனிசியஸ் அகதி முகாம் முகாமாகச் சைக்கிளில் போய் மயிலிட்டி வள்ளங்களைத் திரும்ப எழுதினார். தொண்டர் நிறுவனம் அதையும் ஏற்கத் தயார் என்றது. ஒரு நிபந்தனை: தலைவரும் முகாமையாளரும் ஒரே தாளில் ஒப்பமிடவேண்டும். "அவன் போட்ட தாளிலை நான் போடுறேல்லை" என்றார் ஒருவர். "அவன் முதல் போடட்டும், பிறகு பாப்பம்" என்றார் மற்றவர். முதலில் போடுவது தோற்றமாதிரி. பட்டியல் என் மேசையில் கிடந்தது. தொண்டர் நிறுவனத்தின் தவணையும் கடந்தது.

தொண்ணூற்றொன்று பங்குனியில் மயிலிட்டிக் குடும்பங்கள் சில, தம்பிராசாவின் பண்டத்தரிப்புக் காணியில் கொட்டில் போட்டன. பெருமனதால் கொடுத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டார். காணியில் குடியிருப்பு இருந்தால் கிணற்று வழக்குக்கு வலு என்று அப்புக்காத்து சொன்னதாகவும் கேள்வி. செபமாலையின் கொட்டிலுக்கு அந்தப் பங்குக் கிணறு கல்லெறி தூரம். ஆனால் நடுவே பரமலிங்கத்தின் வேலி. யோசப்பினும் மற்றப் பெண்களும் குடத்தோடு ஒழுங்கை சுற்றி, சந்திக்கு அப்பால் போனார்கள். அங்கேயும் சிலர் வாளியைத் தொடவிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு, கனிசியஸ் குழை வெட்டும் கொக்கத்தடிக் கத்தியை எடுத்தார். வேலியை மறைத்திருந்த பனையோலையை இழுத்து விழுத்தினார். வேலிக்கு நட்டிருந்த கதியால் தடிகளை வெட்டினார். ஆள் ஒருவர் இரண்டு குடத்தோடு போகக்கூடிய அகலத்துக்கு வெட்டினார். செபமாலை வெட்டிய தடிகளை இழுத்து ஒழுங்கையில் போட்டார்.

பரமலிங்கம் இந்தப் பக்கத்தால் ஓடிவந்தார். தம்பிராசா அந்தப் பக்கத்தால்.

"ஆற்றை வேலியடா?" என்றார் பரமலிங்கம்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீ? வழக்கிலை இருக்கிற வேலி!" என்றார் தம்பிராசா. "இனிக் கோட்டிலை நான் என்னத்தைக் காட்டுறது?"

"கரையான் வந்து எங்கடை பாட்டன் விட்ட பரவணிக் காணியிலை வழி வெட்டுறானோ?" என்றார் பரமலிங்கம்.

"அதைத்தான் கேக்கிறன்! எங்கடை காணியிலை!"

எங்கடை என்ற சொல்லை அந்த இரண்டு பேரும் ஒரே பொருளில் சொன்னதை ஊர் கேட்டது அன்றைக்குத்தான். கனிசியஸ் கத்தியைக் கீழே போடவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்டாக் கதைக்கிறியள். இவ்வளவு காலமும் நாக்கிலை என்ன கட்டி? போங்கோ, போய்க் கிணத்தடியிலை இருந்து கதையுங்கோ. வழி இருக்கு."

யோசப்பின் குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவால் போனாள்.

அடுத்த நாள் காலை முறைப்பாடு என் மேசைக்கு வந்தது. ஊழியர் கனிசியஸ் தனியார் காணியில் அத்துமீறி வேலி வெட்டினார், மேலதிகாரிகளை அவமதித்தார், உடனே விலக்கவேண்டும் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே தலைவரின் ஒப்பம். பக்கத்தில் முகாமையாளரின் ஒப்பம். ஒரே தாள், ஒரே மை. யார் முதலில் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இரண்டும் நெருக்கமாக இருந்தன.

கனிசியஸை அழைத்துக் காட்டினேன். வாசித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"ஐயா, மேல்பாதியை வெட்டி எறிஞ்சிட்டு மயிலிட்டிப் பட்டியலை இதிலை ஒட்டுவமோ? ரெண்டு பேற்றை கையெழுத்தும் கிடக்கு."

"ஒட்டேலாது," என்றேன். "பதிஞ்சாச்சு."

"பதிவாம் பதிவு. நீங்களும் உவையின்ரை ஆள்தான்."

அவர் அதற்கு மேல் சொன்னதை எழுதமாட்டேன். பதிந்த தாளைப் பதிவாளன் வெட்ட முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். அவர் மேசையிலிருந்த தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு, நாயை ஒரு அதட்டு அதட்டிவிட்டுப் போனார். பிறகு மண்ணெண்ணெய் விற்றார், சைக்கிள் திருத்தினார். என்னை வழியில் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

வேலியை அடைக்கப் பரமலிங்கம் இரண்டு முறை ஆள் விட்டார். அடைத்த அன்றே பெண்கள் பிரித்துவிட்டார்கள். பிறகு அவரும் விட்டுவிட்டார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டையால் இடம்பெயர்ந்து போகும்வரை அந்த வழியால் தண்ணீர் போனது. வழக்கு முடியவில்லை. மயிலிட்டிப் பட்டியல் ஒப்பம் இல்லாமலே கிடந்தது.

இடையில் ஒருநாள் பண்டத்தரிப்பில் செபமாலையைக் கண்டேன். கிணற்றடியில் குளித்துவிட்டு வாளியோடு நின்றார். வள்ளத்துக்கு இயந்திரம் கிடைத்ததா என்று, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

"வள்ளம் கேட்டன்," என்றார், அதைவிடச் சத்தமாக. "மருமோன் கிணத்துக்கு வழி வெட்டித் தந்தவன். இதிலை என்ன மீனையா பிடிக்கிறது?"